வெள்ளிக்கிழமைக் கோப்பு

ஆயுத பூஜை அன்று காலை, திண்டிவனத்தில் பாதி ஊர் ஐந்து வருஷம் பின்னால் போய்விட்டது. அந்த நேரத்தில் நான் விழுப்புரத்தில் என் வீட்டு அடுப்படியில் நின்று, சுண்டலுக்கு உப்புப் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எங்கள் முதலாளி வல்லரசு.

"கலை, நெட்டு போயிடுச்சும்மா. பாதி ஊருக்கு இல்ல. ஜல்தி கெளம்பி வா."

"யாராவது எதையாச்சும் தொட்டீங்களா சார்?"

பின்னால் யாரோ மணி ஆட்டுகிற சத்தம் கேட்டது.

"தொடலம்மா. பொட்டு வெச்சோம்."

அடுப்பை அணைத்தேன். "ஓடிக்கினு இருக்கும்போது வெச்சீங்களா, நிறுத்திட்டு வெச்சீங்களா?"

"ஓடுற மிஷினுக்குப் பொட்டு வெச்சா அது பூஜை இல்லன்னு ஊட்ல சொன்னாங்க. அஞ்சே நிமிஷம்தான் ஆஃப் பண்ணேன். ஈரத்துணியால தொடச்சி, சந்தனம் வெச்சி, கற்பூரம் காட்டிட்டு திரும்பப் போட்டுட்டேன்."

சுண்டலை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் கடை திண்டிவனத்தில் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிற சின்னக் கடை. மாடியில் ஒரு குளிர்ந்த அறை. அதில் ஸ்விட்ச் என்று ஒரு இரும்புப் பெட்டி. விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. எந்தத் தெருவுக்கு எந்த வயரில் அனுப்ப வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு பிரித்து அனுப்புகிற பெட்டி. அதற்கு இரண்டு ஞாபகம் உண்டு. ஒன்று, விழித்திருக்கும்போது இருக்கிற ஞாபகம். கரண்ட் போனால் அதுவும் போய்விடும். இன்னொன்று, தூங்கி எழுந்தாலும் இருக்கிற ஞாபகம். எங்கள் பெட்டியில் அந்த இரண்டாவது ஞாபகம் பழுது. படிக்கும், எழுதாது. புதிதாக எதைச் சேமிக்கச் சொன்னாலும் முடியாது என்று சொல்லிவிடும். வேறு பெட்டி வாங்குங்கள் என்று நான் வருஷா வருஷம் சொல்வேன். "ஓடுது இல்ல?" என்பார் வல்லரசு. ஓடியதென்னவோ உண்மை. பேட்டரி தயவில் ஐந்து வருஷம் கண்ணே மூடாமல் ஓடியது.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் முகம்மது ஆசிப். குவைத்தில் வேலை கிடைத்துப் போனார். போன ஐந்தாறு மாதத்தில் அங்கே ஒரு சாலை விபத்தில் இறந்துவிட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று வல்லரசு ஒருமுறை சொல்லியிருக்கிறார். அவர் கிளம்பிய பிறகுதான் அந்தப் பெட்டி எழுதுவதை நிறுத்தியது. தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அதைத் தற்செயல் என்று நினைக்கப் பிடிக்காது.

விழுப்புரத்தில் ஏறிய பஸ்ஸின் நெற்றியில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். கண்டக்டர் டிக்கெட்டோடு ஒரு கை பொரியும் கொடுத்தார். விக்கிரவாண்டி தாண்டி நெடுக ரோட்டில் உடைந்த பூசணிக்காய்கள். குங்குமம் தடவின அந்தச் சிவப்பு வெயிலில் ஈரமாக மினுங்கியது. மெக்கானிக் கடைகள், வெல்டிங் பட்டறைகள் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு சும்மா இருந்தன. எந்தக் கருவியும் வேலை செய்யாத நாளில் ஒரு ஊர் இவ்வளவு அமைதியாகிவிடும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது கண் சொக்கியது. மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே, கடலைச் செடிகளை மிதிக்காமல் யாரோ வயர் இழுத்துக்கொண்டு போவது போல இருந்தது. முகம் தெரியவில்லை. அரைத்தூக்கத்தில் அவர்தான் ஆசிப் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் கையெழுத்தோடு நாலு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஸ்விட்ச்சில் ஒவ்வொரு வயருக்கும் ஒரு பெயர் எழுதி வைக்கலாம். மற்றவர்கள் வீட்டு எண் எழுதுவார்கள். ஆசிப் 'நாய் கடிக்கும் வீடு' என்று எழுதுவார். 'காலிங் பெல் ஷாக் அடிக்கும்' என்று எழுதுவார். 'மோர் கொடுப்பாங்க, வேணாம்னு சொல்லாதே' என்று எழுதுவார். சேர்ந்த புதிதில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த வீட்டுக்குப் போனேன், மோர் கொடுத்தார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த ஆளின் மேல் எனக்கு ஒரு பிரியம். இதை யாரிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத, செத்துப்போன ஒருவர் மேல் பிரியம் என்றால் மருந்து சாப்பிடச் சொல்வார்கள்.

கடையில் வல்லரசு பட்டு வேட்டியும் பட்டை விபூதியுமாக மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை.

"பெரிய கம்பெனிக்காரன் நோட்டீசோட தெருமுனையில நிக்கிறான்மா. லீவு நாளு, எல்லாரும் ஊட்ல இருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள வரலன்னா பாதிப்பேரு அவங்கிட்ட போயிடுவாங்க. அப்புறம் கடைய மூட வேண்டியதுதான்."

அவர் கடை மூடினால் என் வேலையும் அதோடு சரி. உள்ளே போனேன்.

பெட்டிக்கு மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம், மேலே மல்லிகைச் சரம், ஒரு எலுமிச்சம்பழம். காற்றுப் போகிற ஓட்டைகளில்கூடச் சந்தனம் அப்பியிருந்தது. சாமி மாதிரிதான் இருந்தது, குறை சொல்ல முடியாது. லேப்டாப்பை மாட்டினேன். முதலில் தேதி கேட்டேன். 1993, மார்ச் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை என்றது. இந்த ரகப் பெட்டிகள் கடிகாரம் தொலைந்தால் அங்கேதான் போய் விழிக்கும். அந்த மார்ச்சில் நான் கைக்குழந்தை.

பிறகு பெயர்களைப் பார்த்தேன். நான் சேர்த்த தெரு ஒன்றுகூட இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் மூடிப்போன ஜெராக்ஸ் கடை உயிரோடு இருந்தது. இடித்துத் தரைமட்டமாக்கின கல்யாண மண்டபம் நின்றுகொண்டிருந்தது. 'நாய் கடிக்கும் வீடு' நாய் செத்ததும் நான் பெயரை மாற்றியிருந்தேன். இப்போது மறுபடியும் நாய் கடித்தது. ஆசிப் ஊரைவிட்டுப் போன அன்று திண்டிவனம் எப்படி இருந்ததோ அப்படியே அந்தப் பெட்டிக்குள் கிடந்தது. எனக்குப் பயமாக இல்லை. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிடலாம் போல இருந்தது. கீழே போன் அடித்துக்கொண்டே இருந்ததால் அதுவும் முடியவில்லை.

"சார், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மாசாமாசம் ஒரு காப்பி போட்டு வெச்சிருக்கேன். அதத் தொறங்க."

வல்லரசு தலையைச் சொறிந்தார். கீழே சரஸ்வதி படத்துக்கு முன்னால் பளபளவென்று புதுக் கம்ப்யூட்டர் ஒன்று, அதுவும் நிறுத்தப்பட்டு, மஞ்சள் பூசி, புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தது.

"பழைச எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேன்மா. போன வாரம். தீபாவளி ஆஃபரு."

"உள்ள இருந்தத எடுத்தீங்களா?"

"உள்ள இன்னா இருந்துச்சி?"

திட்டுவதற்கு வாய் வரை வந்தது. பூஜை நாள் என்று விழுங்கினேன். எல்லாத் தெருவையும் திரும்ப உட்கார்ந்து எழுதுவதென்றால் வாரக்கணக்கில் ஆகும். நான் தரையில் உட்கார்ந்து, வேறு வழி தெரியாமல், ஆசிப் எழுதி வைத்ததை முதல் வரியிலிருந்து படித்தேன்.

அதில் ஒரு வரி. வெள்ளிக்கிழமை தோறும், மதியத் தொழுகை முடிகிற நேரத்துக்கு, விழித்திருக்கும் ஞாபகம் முழுவதையும் ஒரு கோப்பாக்கி இந்த முகவரிக்கு அனுப்பு. முகவரி என்றால் தெரு விலாசம் இல்லை, ஒரு கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருக்கிற நம்பர். அந்த வரியை நாலு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அந்த முகவரியில் ஆபீசில் எந்த மிஷினும் கிடையாது. அதனால் அதைச் செத்த வரி என்று வைத்திருந்தேன். இப்போதுதான் உறைத்தது. அனுப்பிய கோப்பை வாங்க ஆள் இல்லையென்றால் இந்தப் பெட்டி சும்மா இருக்காது. வாரா வாரம் புலம்பி எழுதியிருக்கும். நாலு வருஷத்தில் ஒருமுறைகூட அது புலம்பி நான் பார்த்ததில்லை.

அப்படியானால் யாரோ வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த முகவரி எந்த வயரில் இருக்கிறது என்று தேடினேன். ஒரு வயரின் பெயரில் நின்றது. அந்தப் பெயர், 'ஆஃப் பண்ணாதே'. அது மட்டும்தான். யார் வீடு, என்ன தெரு, எதுவும் இல்லை. ஏதோ எச்சரிக்கை என்று நினைத்து நானும் அதைத் தொட்டதில்லை.

"சார், இந்த லைன் யாரோடது?"

வல்லரசு வயரைக் கையால் பிடித்துக்கொண்டே ஜன்னல் வரை போய், வெளியே எந்தக் கம்பத்துக்குப் போகிறது என்று எட்டிப் பார்த்தார். திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது.

"மசூதி பக்கம் போவுதும்மா. ஆசிப் ஊடு."

உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தக் கோப்பைக் கேட்கலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் இந்த விதமான கோப்புப் பரிமாற்றத்தில் ஒரு சங்கடம் உண்டு. சரியான பெயரைச் சொன்னால் கொடுக்கும். என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. கடைசியாக வந்த கோப்பின் பெயர் எனக்குத் தெரியாது. நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

பல்கீஸ் பீவி கதவைத் திறந்தார். ஆசிப்பின் அம்மா. அறுபதுக்குப் பக்கத்தில் வயது இருக்கும். பிறந்தது கோட்டக்குப்பம், வாழ்க்கைப்பட்டது திண்டிவனம். நான் நெட் கடையிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் முகத்தில் ஒரு கலவரம் வந்தது.

"கனெக்ஷன எடுக்க வந்துக்கிறியாம்மா?"

"இல்லம்மா. உங்க மகனோட கம்ப்யூட்டரக் கொஞ்சம் பாக்கணும்."

உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கட்டில், மடித்து வைத்த போர்வை, ஒரு மேஜை. மேஜை மேல் பூவேலை செய்த துணி மூடின மானிட்டர். கீழே பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பேட்டரிப் பெட்டி, அது மட்டும் புதுசு. சுவரில் மெக்கா படம் இருந்தது. ஆசிப் படம் எங்கேயும் இல்லை. எனக்கு ஏமாற்றமாகவும் இருந்தது, ஒருவிதத்தில் நிம்மதியாகவும் இருந்தது.

"குவைத்துக்குப் போற அன்னிக்கி, பெட்டிய எடுத்துக்கினு வாசல் வரைக்கும் போயிட்டு திரும்பி வந்தான். 'அம்மா, இத மட்டும் ஆஃப் பண்ணாத'ன்னான். எதுக்குன்னு நான் கேக்கல. ஃப்ளைட்டுக்கு நேரமாவுதேன்னு இருந்துட்டேன். அதான் அவன் இந்த வாசல்ல சொன்ன கடைசிப் பேச்சு." அவர் துணியை எடுத்து மடித்தார். "கரண்டு போனாலும் ஓடணும்னு பேட்டரி மாத்திக்கினே இருக்கேன். எதுக்கும்மா இது சும்மா ஓடுதுன்னு பொண்ணு பெனாசிர் திட்டுறா. சும்மா ஓடல. வெள்ளிக்கெழம தோறும் ஜும்மா முடிஞ்சி ஆம்பளைங்க திரும்பி வர்ற நேரத்துக்கு, இதுக்குள்ள கரகரன்னு ஒரு சத்தம் வரும். இந்தப் பச்ச வெளக்கு படபடன்னு மினுக்கும். அப்புறம் அடங்கிடும். நான் அந்த நேரத்துக்கு டீ போட்டு எடுத்துக்கினு வந்து இங்க ஒக்காந்துக்குவேன்."

மடித்த துணியைக் கட்டில் மேல் வைத்தார்.

"அவன் இல்லன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்காதம்மா. நல்லாத் தெரியும். மண்ணுகூட நான் போடல, ஆனாத் தெரியும். இருந்தாலும் அவன் சொல்லிட்டுப் போன ஏதோ ஒண்ணு நடக்குது இல்ல?"

மானிட்டரைப் போட்டேன். தூசி வாசனையோடு மெல்ல வெளிச்சம் வந்தது. ஒரு கோப்புறை. அதற்குள் வெள்ளிக்கிழமைகள். மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போனேன், முடியவே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் இருந்தது. வெள்ளத்தில் ரோடு மூழ்கின வாரம் இருந்தது. நாய் செத்துப் பெயர் மாற்றின வாரம் இருந்தது. நான் அந்த ஊருக்குச் செய்த ஒவ்வொரு வேலையும், யாருக்கும் தெரியாது என்று நினைத்துச் செய்ததெல்லாம், வாரா வாரம் இந்த அறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. என் வேலையை அவர் பார்த்துக்கொண்டே இருந்தது போல இருந்தது.

கடைசிக் கோப்பு போன வெள்ளிக்கிழமையுடையது. பெயரைக் குறித்துக்கொண்டேன். அந்தக் கம்ப்யூட்டரிலிருந்தே மாடி அறைப் பெட்டிக்குள் நுழைந்து, இந்தப் பெயருள்ள கோப்பை இங்கிருந்து எடுத்துக்கொள் என்று சொன்னேன்.

கரகரவென்று சத்தம் வந்தது. பச்சை விளக்கு படபடத்தது.

பல்கீஸ் பீவி சட்டென்று எழுந்து நின்றார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "இன்னிக்கி புதன்கெழமதானே? இன்னிக்கி ஏன் வர்றான்?"

"வரலம்மா. இத்தன நாளு இங்க வந்துக்கினு இருந்துச்சு. இன்னிக்கித்தான் மொத தடவ இங்கேருந்து போவுது. நாங்க உங்க மகன்கிட்ட ஒண்ணு கேட்டோம். எடுத்துக் குடுத்தாரு."

அவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடங்கியது. கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. சந்தோஷத்தில் வல்லரசு கத்தியது அறை முழுக்கக் கேட்டது.

"வந்துடுச்சும்மா! எல்லா லைட்டும் எரியுது! கலை, நீ தெய்வம்மா!"

"தெய்வத்துக்கெல்லாம் பொட்டு வெச்சி ஆஃப் பண்ணிடுவீங்க சார், வேணாம்."

சிரித்தார். பிறகு, நல்ல மனசோடுதான், சொன்னார். "அந்தக் காப்பி போற அட்ரஸ நம்ம புதுக் கம்ப்யூட்டருக்கு மாத்திடும்மா. பாவம், எவ்ளோ நாளைக்கு அவங்க ஊட்ல கரண்டு செலவு? அவங்கள ஆஃப் பண்ணிக்கச் சொல்லிடு."

போனை வைத்தேன். பல்கீஸ் பீவிக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவர் கை கம்ப்யூட்டரின் மேல் இருந்தது, காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"அப்போ இத ஆஃப் பண்ணிடலாமாம்மா?" என்றார். குரலில் அழுகை எதுவும் இல்லை. சொன்னால் செய்துவிடுவேன் என்பது போலக் கேட்டார். "அவன் சொன்ன வேல முடிஞ்சிபோச்சா?"

ஆசிப் எழுதின அந்த வரி ஒரு முகவரிக்குத்தான் அனுப்பும். இங்கே, இல்லை அங்கே. நான் சரஸ்வதி படத்தின் முன்னால் மஞ்சள் பூசி உட்கார்ந்திருக்கிற புதுக் கம்ப்யூட்டரை நினைத்துப் பார்த்தேன். அது சாயங்காலம் ஷட்டர் போடும்போது நிறுத்தப்படும். அடுத்த பூஜைக்கு நிறுத்தப்படும். அடுத்த ஆஃபருக்கு விற்கப்படும். இந்த ஊரில், யார் என்ன சொன்னாலும் நிறுத்தப்படாத மிஷின் இது ஒன்றுதான். இதையெல்லாம் நியாயம் என்று வல்லரசிடம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் அந்த நியாயத்துக்காகச் சொல்லவில்லை. அந்தக் கையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"முடியலம்மா. ஆஃப் பண்ணாதீங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு முந்தானையால் கண்ணை அழுத்திக்கொண்டு, "சரிப்பா" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

கிளம்பும்போது வாசலில் கேட்டார். "வெள்ளிக்கெழம வருமில்ல?"

வரும் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நாலு வீடு தாண்டிய பிறகுதான் திக்கென்றது. கோப்பில் தெருக்கள் இருக்கும், கடிகாரம் இருக்காது. அந்தப் பெட்டி இன்னும் 1993-இல் இருக்கிறது. அதன் வெள்ளிக்கிழமை வேறு வெள்ளிக்கிழமை. திரும்ப ஓடிப்போய்க் கதவைத் தட்டுவதற்குப் பதிலாகக் கடைக்கு ஓடினேன். வல்லரசு பொரித்தட்டை நீட்டினார். வாங்காமல் மாடி ஏறி, சந்தனத்தைத் துடைத்துவிட்டு, இன்றைய தேதியை அதற்குச் சொன்னேன். அது ஒரு கேள்வியும் கேட்காமல் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே தாண்டாகத் தாண்டி வந்தது. முகவரியை ஏன் மாற்றவில்லை என்று வல்லரசு கேட்டார். "உங்க கம்ப்யூட்டருக்கு நீங்க பொட்டு வெப்பீங்க சார்" என்றேன். அவர் அந்த வயரை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆசிப் ஊட்லயே இருக்கட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை எனக்கு அந்தத் தெருவில் வேலை எதுவும் இல்லை. ஆனாலும் போனேன். மசூதியிலிருந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பல்கீஸ் பீவி என்னை எதுவும் கேட்காமல் இன்னொரு தம்ளரை எடுத்தார். இருவரும் கட்டிலில் உட்கார்ந்தோம். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் இருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. அவர் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி விளக்கைப் பார்த்தார். கடிகாரத்தைச் சரியாகத்தான் வைத்தேனா என்று போனை எடுத்து மணி பார்த்தேன்.

கரகரவென்று சத்தம் வந்தது. பச்சை விளக்கு மினுக்க ஆரம்பித்தது.

"வந்துட்டான்," என்றார் அவர்.

"ஆமாம்மா," என்றேன். அது அடங்குகிற வரைக்கும் இருவரும் டீயைத் தொடவில்லை.